மூன்றாவது பெட்டி

அன்புள்ள அக்கா,

விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். நம் பெரியவள் வெளியில் வாய் திறந்துவிட்டாள்!

வெளிநாட்டுக்குக் குடிவந்த இரண்டு வருடமாக வீட்டு வாசலைத் தாண்டினால் அவள் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளியில் தலையாட்டுவதோடு சரி. இந்தச் சனி, ஞாயிறுக்குப் பக்கத்து நாட்டுப் பெருநகரத்துக்கு வந்தோம். இங்கேயும் பேசுவது அவள் பள்ளி மொழிதான். அவர் காய்ச்சலென்று விடுதியிலேயே படுத்துவிட, பிள்ளைகளோடு நான் மட்டும் கிளம்பினேன்.

சுரங்க ரயிலில் சின்னவள் முந்திக்கொண்டு ஏறினாள். நாங்கள் ஏறுமுன் கதவு மூடிக்கொண்டது. நான்கு வயதுக் குழந்தையோடு ரயில் போயே போய்விட்டது, அக்கா!

எனக்கு அந்த மொழியில் நன்றி மட்டும்தான் தெரியும். தமிழில் கத்தினேன். காவலர் கையை விரித்தார். பெரியவள் என் கையை உதறிவிட்டு அவர் முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில் என்னவோ சொன்னாள். நான்கு விரலைக் காட்டினாள், பிறகு மூன்று. அவர் உடனே கருவியில் பேசினார்.

அடுத்த நிலையத்தில் ஓர் ஊழியர் மடியில் சின்னவள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னே அவர்கிட்ட?"

"நாலு வயசு, மூணாவது பெட்டின்னு சொன்னேன்."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. நீ தமிழ்ல கத்துனா அவருக்கு எப்படிம்மா புரியும்?"

அங்கே நம் ஊர்ப் பள்ளியில் அவளுக்கு இடம் கேட்டு வைக்கச் சொல்லியிருந்தேனே, வேண்டாம். நாங்கள் திரும்பி வரவில்லை.

இப்போது தொலைபேசியில் விடுதிக்காரரிடம் இன்னொரு தலையணை கேட்டு வாதாடிக்கொண்டிருக்கிறாள். மெதுவாகப் பேசு என்று நான் சொல்லவே மாட்டேன்.

உன் தங்கை