அம்பாசமுத்திரத்துக்கு ஒரு பாஸ்

12-6-1971, சனி

பத்து நாள் லீவு கிடைத்துவிட்டது. எண்ணூர்ப் புகை எட்டாத ஊரில் தனியாக இருந்துவிட்டு வரலாமென்று ஒரு வாரமாக ரயில்வே டைம்டேபிளைப் புரட்டி, அம்பாசமுத்திரத்தை முடிவு செய்தேன். கார், வண்டி எதுவும் வேண்டாம். ஸ்டேஷனில் இறங்கி மெல்ல நடந்தே ஆற்றுக்குப் போய்விடலாம்.

லோகோ ஷெட்டில் என்னோடு வேலை செய்யும் காதர் சிரித்தான். "இன்னா மாமு, குத்தாலம் போயேன். அருவி கீது. தென்காசிலேர்ந்து பஸ்ஸு வுடுறான்."

"பஸ்ஸெல்லாம் ஏற முடியாதுபா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மத்தியானம் குடும்பத்துக்கான இலவச ரயில் பாஸ் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் கிளார்க் அதைப் படித்துவிட்டு, "சாரும் அம்மாவுமா? சந்தோசமா போய்ட்டு வாங்க" என்று முத்திரை குத்தினார். அப்போதுதான் கவனித்தேன். வருஷா வருஷம் எழுதுகிற கை, என் பெயருக்குக் கீழே மனைவி ரோஸியின் பெயரையும் எழுதியிருக்கிறது. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. திருத்தித் தரச் சொல்லாமல் பாஸை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பாஸ் இன்னும் அங்கேயே இருக்கிறது. காதர் பார்த்த பார்வை இப்போதுதான் உறைக்கிறது. என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது. முட்டி வலியால் பஸ் ஏற முடியாமல் இருந்தவள் அவள்தான்.