சாமான் அறைச் சாவி

போடி,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி சிக்கந்தருக்கு அக்கா ஹுஸ்னாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

மலையில் மழை விட்டதா? ஏலக்காய் உலர்த்தும் அறைக்குப் பக்கத்திலேயே படுக்காதே, சூட்டில் இருந்துவிட்டு விடியலில் பனிக்கு வந்தால் இருமல் பிடிக்கும் என்று போன தடவையே சொன்னேன். நீ கேட்டிருக்க மாட்டாய். தங்கபாண்டி அண்ணன் ஜீப்பில் உன் ஸ்வெட்டரும் ஒரு டப்பா முறுக்கும் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஏலக்காய் ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் வாரி வழங்கிவிட்டு வெறும் டப்பாவைத் திருப்பி அனுப்பாதே, நீயும் ரெண்டு தின்னு.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் நான் எது சொன்னாலும் "பாத்துக்கலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதோடு அம்மா எப்போதும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கல்யாண வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. முழங்கால் வலியோடு அம்மா கம்பத்துக்கும் போடிக்குமாக அலைகிறார்கள். உட்காருங்கள் என்றால் என் மேல்தான் எரிந்து விழுகிறார்கள். அத்தா இருந்திருந்தால் பாதி வேலையை அவரே பார்த்திருப்பார்.

என் சோலி எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். மதுரையில் ஒரு கல்லூரிக்காகச் செய்கிற ஆய்வு என்று சொன்னேன் அல்லவா. விவாகரத்தான பெண்களை ஊரும் உறவும் எந்த அளவுக்கு ஒதுக்குகின்றன என்று அளப்பதுதான் வேலை. வீடு வீடாகப் போய்க் கேள்விகளை வாசிக்க வேண்டும். விசேஷத்துக்கு அழைக்காமல் விட்டதுண்டா, முகம் கொடுத்துப் பேசாமல் போனதுண்டா, இப்படி. 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'எப்போதும்' வரை ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் ஒதுக்கத்தின் அளவு கிடைத்துவிடுமாம்.

எங்கே கிடைக்கிறது? ராசிங்காபுரத்தில் மகாராணி என்று ஒரு பெண். நான் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் அவளுடைய அம்மா பதில் சொல்கிறார், தன் பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்று. மகாராணியும் தலையாட்டுகிறாள். எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'. பிறகு பஸ்சுக்கு வழிகாட்ட என்னோடு வந்த மகாராணி தெருமுனையில் நின்று சொல்கிறாள், "போனாத்தானே அக்கா சொல்லுவாக? நான் எந்த விசேஷத்துக்கும் போறதில்ல." இதற்கு நான் எந்தக் கட்டத்தில் குறி போடுவது?

தேவாரத்துக் கருத்தம்மா இன்னும் மோசம். விடியலில் ஜீப்பு ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள். கேள்வி கேட்க நானும் அதே ஜீப்பில் இடிபட்டுக்கொண்டு போனேன். அவள் வேலை செய்கிற தோட்டத்தில் முதல் காய் எடுப்பன்று சாமி கும்பிட்டு, ஒரு பெண்ணின் கையில் முதல் கூடையைக் கொடுப்பார்களாம். உனக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். "அந்த நேரம் பாத்து எனக்குன்னு ஒரு சோலி வந்துரும்மா. தண்ணி கொண்டான்னு ஓடைக்கு அனுப்பிருவாக. நான் வர்றதுக்குள்ள கும்புட்டு முடிச்சிருப்பாக" என்றாள். அப்படியென்றால் ஒதுக்குகிறார்கள்தானே என்று கேட்டால், வேலைதானே சொல்கிறார்கள், அதை எப்படிக் குற்றம் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். அவளுக்கும் 'ஒருபோதும் இல்லை'.

சந்திரவல்லி மேடத்துக்குப் போன் போட்டேன். இந்த ஆய்வை நடத்துகிறவர் அவர்தான். போடிப் பக்கம் அளவு குறைவாக வருகிறதே என்று அவருக்கும் யோசனைதான். எந்த வேலை கொடுத்தார்கள், எங்கே நிற்க வைத்தார்கள் என்று இரண்டு கேள்விகள் சேர்க்கலாமா என்று கேட்டேன். பாதியில் கேள்வியை மாற்றினால் முன்னால் வாங்கிய பதில்களோடு ஒப்பிட முடியாது, ஓரத்தில் எழுதி வையுங்கள் என்றார். அவர் சொல்வது நியாயம்தான், எனக்கும் புரிகிறது. ஆனால் ஓரத்தில் எழுதியது கூட்டலில் வராது தம்பி.

நானும் விவாகரத்தானவள்தானே, அந்தக் கோபத்தில் எனக்கு நானே அந்தக் கேள்விகளைக் கேட்டுக் கூட்டிப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி உன் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. யார் என்னை அழைக்காமல் விட்டார்கள்? முதல் ஆளாக அழைக்கிறார்கள். "ஹுஸ்னா இருந்தாக் கவலையில்ல" என்று சொல்லி, உள்ளே நுழைந்ததும் சாமான் அறைச் சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நெய் எடுத்துக் கொடு, சீனி எடுத்துக் கொடு, தட்டு போதுமா பார். சில வருஷம் முன்னால் நடந்த சின்னத்தா மகள் மெஹ்ராஜின் நிக்காஹ் வீடியோவைப் போன வாரம் போட்டுப் பார்த்தோம். நான் இரண்டு நாள் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். வீடியோவில் ஒரு இடத்தில்கூட என் முகம் இல்லை.

உன் கல்யாணத்துக்கும் அம்மா சாவியைக் கொடுத்துவிட்டார்கள். மாடி அறையில் பட்டு, பாத்திரம், அரிசி, நெய், பெண்ணுக்கு வாங்கிய வளையல் எல்லாம் இருக்கிறது. கருகமணியை மட்டும் அம்மா தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். நெய்யை நம்பிக் கொடுக்கிறவர்கள் அதைக் கொடுக்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள்தான் பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்ட வேண்டும். உனக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னிடம் போனில், மெஹ்ராஜ் கட்டட்டும், அவள் புருஷன் பிள்ளையோடு நல்லா இருக்கிறவள் என்று சொன்னபோது நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கர் போட்டிருந்தது. "நீங்க பாத்துச் செய்யுங்கம்மா" என்றாய். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நீ.

அம்மா மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அத்தா மவுத்தான பிறகு அவர்களும் எந்த நிக்காஹிலும் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததில்லை. யாரும் சொல்லாமலே ஒதுங்கிக்கொள்கிறார்கள். உன் கல்யாணத்திலும் ஓரமாகத்தான் நிற்பார்கள். அவர்களிடம் போய் நான் என்னத்தைச் சண்டை போடுவது? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டேன். கருகமணியே ஊர் வழக்கம்தான், யார் கட்டினாலும் மார்க்கத்தில் தடையில்லை என்று சொல்லியனுப்பினார். அம்மாவிடம் சொன்னேன். பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார்கள்.

பெண் வீட்டார் என்ன நினைக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். முந்தாநாள் அந்தப் பிள்ளையே ரவிக்கை அளவு சொல்ல எனக்குப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "நீங்கதானே மதினி எனக்குக் கருகமணி கட்டுவீங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் ஒரு விகற்பமும் இல்லை. லைன் சரியாக இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு அழுகையாக வந்தது.

சிக்கந்தர், அந்த வீட்டில் நான் அடிபட்டுக் கிடந்தபோது ஜமாஅத்துக்குப் பயப்படாமல் வந்தவன் நீ. என் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்து, "வாக்கா, போவோம்" என்று சொன்னவன். அன்றைக்கு யாரையும் பார்த்துச் செய்யச் சொல்லவில்லை நீ.

முறுக்கு டப்பாவின் அடியில் காகிதத்தில் சுற்றி மாடி அறைச் சாவியை வைத்திருக்கிறேன். அம்மா தேடினால் தம்பியிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். நீ இறங்கி வரும்போது மறக்காமல் கொண்டுவா, இல்லாவிட்டால் பிரியாணிக்கு நெய் இல்லை. வந்து, மெஹ்ராஜிடம் கொடு, சமையல்காரரிடம் கொடு, யாரிடம் வேண்டுமானாலும் கொடு. என்னிடம் மட்டும் திருப்பித் தராதே. உன் நிக்காஹ் அன்றைக்கு என் கை இரண்டும் சும்மா இருக்கும்.

அல்லாஹ் உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் பரக்கத்தைத் தரட்டும். மழையில் நனையாமல் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் ஒரே அக்கா,
ஹுஸ்னா.