கறார் காது

மார்ச் 3

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், கண்ணாடிக் கடையில் கசங்காத சட்டையோடு நின்று ஊரார் பார்வையை அளக்கும் நான், இணையத்தில் ஒரு கிளி. படம் கிளி, பெயர் 'கறார் காது'. ஒரு சங்கீதக் குழுவில் பாடுகிறவர்களின் குற்றங்குறைகளைப் பொறுக்குவது என் உபதொழில். மனைவிக்குத் தெரியாது.

இன்று கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் மாடியில் பாட்டு வகுப்பு நடத்தும் மச்சினி ஒரு பாட்டைப் பதிவிட்டிருந்தாள். மனைவியின் தங்கை. இயர்போனை மாட்டிக் கேட்டேன். குரல் மட்டும்தான். பின்னால் சுருதியே இல்லை! கிளி எழுதியது: "சுருதிப் பெட்டிகூட இல்லாமல் பாடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? யாரிடம் கற்றீர்கள்? சான்றிதழ் உண்டா?"

இல்லை என்று எனக்கே தெரியும். அவளுடையது முழுக்கக் கேள்வி ஞானம். எனக்கோ ஹால் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் தொங்குகிறது. அரசுச் சங்கீதத் தேர்வு, கீழ்நிலை, இரண்டாம் வகுப்பு. போன மாதம் விருந்தாளிகள் முன்னால், "அத்தான், நீங்க பாடாம இருந்தாலே பெரிய உதவி" என்றாள். அந்தக் கடுப்பு கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தானா?

மார்ச் 5

பற்றிக்கொண்டது. பட்டயம் வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் மறுபக்கம். "நான் ஏழு வருடம் குருவிடம் இருந்தேன்" என்கிறார் ஒருவர். "இருந்தீர்கள், சரி. கற்றீர்களா?" என்கிறார் இன்னொருவர். அவளுடைய மாணவர்கள் சிலர் "சுருதி நன்றாகக் கேட்கிறதே" என்றார்கள். விசுவாசம் என்று தள்ளிவிட்டேன். பாட்டைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

மார்ச் 6

"கிளியாரே, உங்கள் தகுதி என்ன?" என்று கேட்டுவிட்டார்கள். விடுவேனா? சுவரிலிருந்து சான்றிதழைக் கழற்றி, பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் படமெடுத்துப் போட்டேன். எண்பது பேர் கைதட்டினார்கள். படுத்தால் தூக்கம் வரவில்லை.

மார்ச் 8

மனைவி சொல்லித்தான் தெரிகிறது. பக்கத்துப் பள்ளியில் மச்சினியைப் பாட்டு டீச்சராக எடுக்க இருந்தார்களாம். மாதச் சம்பள வேலை, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தலைமையாசிரியை அந்தச் சண்டையைப் படித்துவிட்டாராம்.

"எவனோ ஒரு கிளிப்பய. அவன் வாயில மண்ணு விழ" என்றாள் மனைவி.

நான் ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன். மண் மாதிரிதான் இருந்தது.

மார்ச் 9

என் கருத்தை நீக்கிவிட்டேன். சண்டை நிற்கவில்லை. எதற்காகத் தொடங்கியது என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது. என்ன ஜனங்களோ. நானும்தான்.

மார்ச் 10

மச்சினி இறங்கி வந்தாள். மனைவி வெளியே போயிருந்தாள்.

"அத்தான், கட்டைவிரல் எப்படி இருக்கு?"

போன வாரம் ஜன்னலில் நசுங்கி நகம் கறுத்த விரல். அவளேதான் மருந்து போட்டுவிட்டாள். அந்த விரலைத்தான் ஊருக்கே காட்டியிருக்கிறேன். மூளையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்போல.

"நீங்கதான்னு அன்னைக்கே தெரியும். அக்காகிட்ட சொல்லல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சுருதி இல்லைன்னு எப்படி எழுதுனீங்க?"

"கேக்கலையே..."

"பசங்க ஒரு பக்கத்தை அணைச்சுட்டுப் பழகட்டும்னு பிரிச்சுப் போட்டேன். இடதுல குரல், வலதுல சுருதி."

"அப்பப் பாரு! என் இயர்போன்ல வலது பக்கம் ரிப்பேர்."

"புதுசுதானே வாங்குனீங்க?"

"அதுவும் ரிப்பேர். எனக்கு வாய்க்கிறதெல்லாம் ஒரு பக்கம் ஊமை."

அவள் அதை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு தன் பாட்டையே கேட்டாள். நெடுநேரம் கேட்டமாதிரி இருந்தது. கழற்றி என் கையில் வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்குது அத்தான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 11

கிளியைக் கொன்றேன். சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு எழுதினேன்: "சுருதி இருக்கிறது. தவறாகச் சொன்ன கறார் காது நான்தான். மன்னிக்கவும்."

முதல் பதில்: "இதைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?"

மனைவிக்கும் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

மார்ச் 14

தலைமையாசிரியையை நேரில் பார்த்து ஒப்புக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டார். வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்தாகிவிட்டதாம். பட்டயம் உள்ளவள். "அவங்களும் நல்லாத்தான் பாடறாங்க சார்."

திரும்பி வரும்போது மாடியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புகள் பாதிக்குப் பாதி குறைந்திருந்தன.

மார்ச் 15

ஒரே வரி. சோர்வாக இருக்கிறது.

மார்ச் 17

மச்சினிதான் காது டாக்டரிடம் இழுத்துப்போனாள். "வாங்க அத்தான், உங்க கேள்வி ஞானத்தை அளந்துட்டு வரலாம்." பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். இடது காதுக்குத் தூக்கினேன். பிறகு நெடுநேரம் எதுவுமே கேட்கவில்லை. சோதனை முடிந்துவிட்டதாக்கும் என்று எழுந்தேன். வலது காதுக்கு நடந்துகொண்டிருந்ததாம்.

"சின்ன வயசுல பொன்னுக்குவீங்கி வந்துச்சா?" என்றார் டாக்டர்.

வந்தது. பத்து வயதில்.

"அப்பவே போயிருக்கும். ஒரு காதுங்கிறதால தெரிஞ்சிருக்காது."

சங்கீதத் தேர்வில் நான் தேறியது பதினாறு வயதில்.

முத்திரை குத்தி, கையெழுத்திட்டு, ஒரு தாள் கொடுத்திருக்கிறார். என்னிடம் இப்போது இரண்டு சான்றிதழ்கள்.