ரயிலில் போகச் சொன்னவர்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. மேற்கே மலையே தெரியவில்லை. திராட்சைக்கு மருந்தடிக்கும் நாள். பந்தல் பக்கம் போகக் கூடாதென்று வீட்டுக்காரி ஸ்டெல்லா கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மதுரையில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் கைதி. மணிக்கட்டில் குழாய் விட்ட இடம் இன்னும் ஊதா.

கவுகாத்தி மடத்திலிருந்து ஃபோன். அக்காவை, அங்கே கன்னியாஸ்திரியாக இருக்கும் சிஸ்டர் ஆக்னஸை, ஆஸ்பத்திரியிலிருந்து மடத்துக்கே அனுப்பிவிட்டார்களாம். கணையத்தில் புற்று. இனிமேல் வைத்தியம் இல்லை. பார்ப்பதானால் சீக்கிரம் வரச் சொன்னார் மதர்.

போகிறேன் என்றேன். விமானத்தில்.

"அங்கன போயி நீங்க விழுந்தா யாரு தூக்குறது?" ஸ்டெல்லா. அழுகையும் கோபமும்.

பிப்ரவரி 4, புதன்

வந்து போனவர்கள்: ஸ்டெல்லாவின் தம்பி சேவியர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், கோயில் உபதேசியார். ஆளுக்கொரு வைத்தியம். மேலே போனால் ஸ்டென்ட் நழுவிவிடுமாம். ரத்தம் உறைந்துவிடுமாம்.

சேவியர்: "செக்கிங் மிஷின்ல கம்பி கத்தும் மச்சான். உள்ள விடமாட்டாக."

கடைசியில் எல்லாருக்கும் ஒரே முடிவு. ரயிலில் போ. ரயில் என்றால் மூன்று நாள். அக்காவுக்கு அத்தனை நாள் இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மதியம் உப்பில்லாத ரசம். ராத்திரியும் அதே.

பிப்ரவரி 5, வியாழன்

தேனி வழியாக மதுரை. டாக்டரிடம். சேவியரும் கூட. என் நெஞ்சைப் பற்றி அவனே பேசினான். டாக்டர் அவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்: மாடி ஏறினால் வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா? இல்லை. ஈ.சி.ஜி., எக்கோ. இரண்டும் பரவாயில்லை.

விமானத்தில் போகலாம், துணையோடு என்றார். மூன்று நாள் ரயிலில் அலைவதைவிட அதுவே மேல். சேவியர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மறக்காமல் இருக்க: மாத்திரை எல்லாம் கைப்பையில். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை ஒரு வேளைகூட விடக் கூடாது. பெட்டி தூக்கக் கூடாது. ஓர இருக்கை, இடையிடையே எழுந்து நடக்க. நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை சட்டைப் பையில். வலி வந்தால் மறைக்கக் கூடாது.

வெளியே வந்ததும் சேவியர் ஸ்டெல்லாவுக்கு ஃபோன் போட்டான்: "டாக்டர் சரின்னுட்டாக. எனக்குத்தான் என்னமோ சரியாப் படலக்கா."

பிப்ரவரி 6, வெள்ளி

அக்காவே கூப்பிட்டாள். குரல் நூல் மாதிரி. என் ஸ்டென்ட் விஷயத்தை அவளிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன். ஸ்டெல்லா எப்போதோ சொல்லிவிட்டாள்.

"ஏலே அருளு, கிறுக்கா ஒனக்கு? ரயில்ல வாயேன்."

இவளுமா?

"ரயில்னா மூணு நாளு ஆகும்க்கா." சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சரி. எதுலயாச்சும் வா."

ஸ்டெல்லா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பரணில் இருந்த பெட்டியை இறக்கினாள். தானும் வருகிறாளாம். இதுவரை விமானம் ஏறியதில்லை.

பிப்ரவரி 7, சனி

மதுரை விமான நிலையம். எனக்குத் தெரியாமல் ஸ்டெல்லா சக்கர நாற்காலி சொல்லி வைத்திருக்கிறாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

மாத்திரை டப்பா எங்கே? பெட்டியில். பெட்டி எங்கே? பெல்ட்டில் போய்விட்டது. கத்தினேன். "கத்தாதீக, நெஞ்சுக்கு ஆகாது!" என்று அவள் என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள். கவுண்டரில் இருந்த பெண் அலைந்து திரிந்து பெட்டியை வரவழைத்தாள். சேலை, ஸ்வெட்டர், இட்லிப் பொடி எல்லாம் வெளியே வந்த பிறகு, அடியில் டப்பா.

மிஷின் கத்தவில்லை.

மேலே ஏறும்போது ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை. இன்னொரு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், சரியாக அந்த ஊதா இடத்தில். வலியில் உயிர் போனது. கையை இழுக்கவில்லை.

சென்னையில் விமானம் மாறி, கவுகாத்தி சேரும்போது இருட்டிவிட்டது. அக்கா தூங்குகிறாளாம், காலையில் பார்க்கலாமாம். இவ்வளவு தூரம் வந்து கதவுக்கு வெளியே படுக்கை. மாத்திரை போட்டாயிற்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

கடும் குளிர். பூசை முடிந்து உள்ளே விட்டார்கள். கட்டிலில் அக்கா சின்னப் பிள்ளை அளவுக்கு ஆகிவிட்டாள். கண் மட்டும் அதே கண்.

"எளைச்சுட்டியே." என்னைப் பார்த்துச் சொல்கிறாள்!

"உப்பில்லாமத் தின்னா எப்படி இருப்பேன்?"

சிரித்தாள். சிரித்ததில் இருமல். ஸ்டெல்லா தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னைக் கிட்டே வரச் சொல்லி, சட்டையைப் பிடித்து இழுத்து, என் நெஞ்சில் காதை வைத்தாள்.

"கம்பிச் சத்தம் கேக்கலையே?"

"அது சத்தமெல்லாம் போடாதுக்கா."

"நீ பேசாம இரு."

"ரொம்பக் குனியாதீக" என்றாள் ஸ்டெல்லா பின்னாலிருந்து.

இருவரையும் அதட்ட வேண்டும் போலிருந்தது. முதுகு வலித்தது. அக்கா காதை எடுக்கவில்லை. நானும் நிமிரவில்லை.