பாட்டு மட்டும் திரும்பி வந்தது

ஓசூர்,
டிசம்பர் 1955

அன்புள்ள தமயந்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம், நீயும் டெல்லிக் குளிரில் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. பதில் எழுதாததற்கு வேலை காரணமில்லை, எழுத உட்கார்ந்தால் ஒரே விஷயம்தான் முன்னால் வந்து நின்றது, அதை எழுத மனம் வரவில்லை. பனி தொடங்கியதும் அப்பாவின் இருமல் வழக்கம்போல வந்துவிட்டது, ஆனாலும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பேன் என்கிறார், நான் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். வீட்டு வேலை செய்யும் மங்கம்மா உன்னை விசாரித்தாள். டெல்லியில் ராகி கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அந்த ஜனங்கள் எதைத் தின்று உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

பள்ளிக்கூட விஷயத்தை இனியும் சொல்லாமல் இருப்பதில் பயனில்லை. நீ சட்டக் கல்லூரியிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறதே, தலைமையாசிரியையாக இருந்துகொண்டு நீ காலையில் சரஸ்வதி பாட்டைப் பாட விடலாமா என்று கேட்டாய். பாட்டு எப்படிப் போதனையாகும் என்று அப்பா எதிர்க்கட்சி பேசினார், சாப்பாடு ஆறிப்போகும் வரை மூவரும் வாதாடினோம். நீ சொன்னதுதான் சரியென்று எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது. கடவுள் விஷயத்தில் எனக்குள்ள சந்தேகம் உனக்குத் தெரியும், ஆனால் என் சந்தேகத்துக்காக நான் பாட்டை நிறுத்தவில்லை, ஜெய்னப்பைப் போன்ற நாலைந்து பெண்களுக்காக நிறுத்தினேன். புளி மண்டி ஜமீர் அகமதுவின் மகள், எட்டாம் வகுப்பு, பெண் வக்கீலும் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுத்தான் போட வேண்டுமா என்று உன்னிடம் வந்து கேட்டாளே, அவள்தான். பள்ளியில் அவளுக்குத்தான் நல்ல குரல், அதனால் தினமும் பாட்டை எடுத்துக் கொடுத்தவளே அவள். தன் மதத்தில் இல்லாத பாட்டை ஒரு பெண் எல்லோர் முன்னாலும் நின்று பாட வேண்டியிருக்கிறதே என்று நான் நினைத்தேன். அவளை நான் கேட்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும், பாட்டுக்குப் பதில் எல்லோரும் சற்று நேரம் கண்ணை மூடிப் பேசாமல் நிற்கட்டும், அவரவருக்குத் தோன்றியதை நினைத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு செய்தேன். மௌனம் யாருக்கும் சொந்தமில்லை என்பது என் எண்ணம். பள்ளிக் கமிட்டியில் இருக்கும் நாராயணப்பன், பாகலூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர், நேரே வந்து, ஏனம்மா, படிப்புக்கென்று ஒரு தெய்வம் இருந்ததே, அதற்கும் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டீர்களா, பெண்களை மசூதியில் நிற்பது போல நிற்க வைத்திருக்கிறீர்கள் என்று ஊரில் பேச்சு என்றார். அடுத்து ஜவுளிக்கடை அப்துல் சலாம் வந்தார். சுவரில் சரஸ்வதி படம் இருக்கிறது, எதிரில் கண்ணை மூடி நிற்கச் சொல்கிறீர்கள், மூடின கண்ணுக்குள் எந்தச் சாமி வருகிறது என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். சரி, கண்ணைத் திறந்தே நிற்கட்டும் என்றேன். அப்படியானால் படத்தைப் பார்த்துக்கொண்டா என்றார். படத்தை எடுத்தேன். எடுத்த அன்றே நாராயணப்பன் கமிட்டியைக் கூட்டினார். தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் மேலே மனுக்கள் போயின, மற்ற நாளில் ஒருவர் பாஷையை ஒருவர் கேலி செய்கிறவர்கள் இதில் மட்டும் ஒற்றுமையாகிவிட்டார்கள். பேசாமல் நின்றதற்கே இத்தனை கட்சி, நீ பேசவும் செய்திருந்தால் கலெக்டர் அல்லவா வந்திருப்பார் என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயுத பூஜை விடுமுறைக்குப் பின் ஜெய்னப் வரவில்லை. ஜமீர் அகமதுவே ஒரு மாலை வீட்டுக்கு வந்தார், உள்ளே வரச் சொன்னால், வேண்டாம் அம்மா, உடம்பெல்லாம் புளித் தூசி என்று வாசலிலேயே நின்றார். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவள் மாவு அரைக்கும்போதும் அந்தப் பாட்டைத்தான் பாடுவாள், எனக்கும் தெரியும், அவள் அம்மா ஷரீஃபுன்னிசாவுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துப் பாட்டுத்தானே என்று காதில் விழாத மாதிரி இருந்தோம், இப்போது நாராயணப்பனின் ஆட்கள் மண்டிக்கு வந்து உன் பெண்ணுக்காகத்தானே எங்கள் பாட்டை நிறுத்தினார்கள் என்கிறார்கள், ஜமாத்தில் உன் பெண்ணா இத்தனை நாள் அதைப் பாடினாள் என்கிறார்கள், இரண்டு பேருக்கும் நான் என்ன பதில் சொல்லட்டும், நீங்கள் படித்தவர், சொல்லிக் கொடுங்கள் என்றார். காதில் விழாத மாதிரி இருந்த ஒரு தகப்பனின் நல்ல குணத்தில் அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுவந்த நியாயம் அவளை எல்லோரும் பார்க்கும்படி நடுவீதியில் நிறுத்திவிட்டது.

கார்த்திகையில் மேலிடத்து உத்தரவு வந்தது, பழைய வழக்கப்படி நடத்தவும் என்று ஒரே வரி. பாட்டு திரும்பிவிட்டது, படமும் சுவருக்கு வந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் ஆளுக்கொரு சுருதியில் பாடுகிறார்கள். ஜெய்னப்புக்குச் சிங்காரப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம், தை மாதத்தில் நிக்காஹ். அவளுக்கு இன்னும் பதினைந்து முடியவில்லை. நீ உடனே, பதினைந்துக்குள் கட்டிக் கொடுத்தால் குற்றம், சாரதா சட்டம் என்பாய், அது எல்லா மதத்துக்கும் பொது என்பாய். பொதுதான். நாராயணப்பன் தன் மூத்த பெண்ணைப் பதின்மூன்று வயதில் கட்டிக் கொடுத்தபோது தாலுகா ஆபீஸே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. இன்று நான் ஜமீர் அகமது மேல் புகார் கொடுத்தால் முதல் சாட்சியாக வந்து நிற்கப் போகிறவர் அதே நாராயணப்பன். பொதுச் சட்டத்தை ஒரே ஒரு வீட்டு வாசலுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போவதா? போகாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு முடிந்தது, போனால் அந்தக் குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது, படிப்பும் திரும்பாது. வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன், ஒன்றும் எழுதாமல் எழுந்து போகிறேன். சட்டப் பிரிவின் எண்ணை எழுதி அனுப்பாதே, அது எனக்குத் தெரியும். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று மட்டும் எழுது, உனக்கும் தெரியாவிட்டால் அதையாவது எழுது.

மார்ச்சில் பொதுப் பரீட்சை. ஜெய்னப்பின் பெயரை அடித்துவிடலாமா என்று வகுப்பு ஆசிரியை வெங்கடம்மாள் கேட்டாள், வேண்டாம் என்றேன். அதனால் தினமும் ஆஜர் எடுக்கும்போது அவள் பெயர் வருகிறது. கூப்பிட்டதும் வகுப்பு முழுக்கப் பேச்சில்லாமல் இருக்கிறது, பிறகு அடுத்த பெயர். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் இதுவரை யாரும் மனு எழுதவில்லை.

குளிருக்குச் சோம்பிச் சாப்பிடாமல் படுக்காதே, கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைக்காமல் போட்டுக்கொள். ஜெய்னப்புக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன டெல்லிப் படப் புத்தகத்தை மறக்காமல் தை பிறப்பதற்குள் அனுப்பு, கொடுக்கும் சாக்கில் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். யாரை வேண்டிக்கொண்டு உன்னை ஆசீர்வதிப்பது என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

உன் அம்மா,
கமலவேணி