பதினேழாம் கதவின் இரண்டாம் அடுப்பு

அனுப்புநர்:
ச. பேர்ணடெற்,
அளவை இலக்கம் 17,
புகையிரத நிலைய ஒழுங்கை,
வெள்ளவத்தை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
புகையிரத நிலைய அயல் வீடமைப்புத் திட்டம்,
கொழும்பு.

பொருள்: குடும்பக் கணக்கெடுப்பில் என் பிழையால் விடுபட்ட மூவரைச் சேர்த்துக்கொள்ளக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த திங்கட்கிழமை எங்கள் ஒழுங்கையின் கதவுகளில் மஞ்சள் மையால் தங்கள் திட்டத்தின் அளவை இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன. அடுத்த வீட்டு நஸீறா அக்காவின் கதவில் 18அ, 18ஆ என இரண்டு இருந்தன. எங்கள் கதவில் 17 மட்டுமே இருந்தது. காரணம் கேட்டேன். "ரெண்டு அடுப்புண்டா ரெண்டு குடும்பம். புதுக் கட்டடத்துல எங்களுக்கு ஒண்டு, தம்பிக்கு ஒண்டு. ஒங்கட சின்னம்மாவ எழுதல்லயா புள்ள?" என்றார். அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது.

2. எங்கள் அறையில் ஐவர் இருக்கிறோம். அம்மா அருள்நாயகி நிலைய வாசலில் காலையில் இடியப்பம் விற்கிறார். நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தி அவருக்கு உதவியாக இருக்கிறேன். மற்ற மூவரும் சென்ற ஆவணியில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சின்னம்மா கொன்ஸ்ரன்சும் அவரது இரு பிள்ளைகளும் ஆவர். சித்தப்பாவைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. சின்னம்மா தனியாகவே சமைக்கிறார்.

3. பெப்ரவரி 10ஆம் திகதி தங்கள் அலுவலர் ஒருவர் வந்தபோது பெரியவர்கள் வீட்டில் இல்லை. கொழும்பில் தங்குவதற்கான சின்னம்மாவின் பொலிஸ் பதிவு அப்போது கைக்கு வந்திருக்கவில்லை; பதிவில்லாதவர்களைப் பொலிஸ் கொண்டுபோய்விடும். "ஆராவது பட்டியலோட வந்தா, நாங்கள் ரெண்டு பேர் எண்டு மட்டும் சொல்லு" என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். கையில் பட்டியலைக் கண்டதும் நான் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் விட்டு, சின்னம்மாவின் மண்ணெண்ணெய் அடுப்பைக் கட்டிலின் கீழ் தள்ளிவிட்டேன். வந்தவர் வீடு கொடுப்பதற்காக எண்ணுகிறார் என்று நான் நினைக்கவில்லை. எங்களை எண்ண வருபவர்கள் வேறு காரணத்துக்காகவே வருவது வழக்கம்.

4. அவர் தங்கச்சியை அழைப்பதுபோல் மரியாதையாகவே, "நங்கி, வீட்டில எத்தின பேர்?" என்று கேட்டார். இரண்டு என்றேன். அந்நேரம் சின்னவன் இருமினான். அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஷுவர்தானே?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிக்கொண்டு போனார். அவர்மீது எந்தக் குறையும் இல்லை. பொய் சொன்னவள் நான். தண்டனை உண்டென்றால் அது எனக்கே உரியது. சின்னம்மாவுக்கு அல்ல.

5. நிலையச் சுவரில் ஒட்டியுள்ள தங்கள் திட்டப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். கீழே கடைகளும் மேலே வீடுகளும் இருக்கின்றன. ஒரு மாடியில் உடுப்புக் காயப்போட்டதுபோலவும் வரைந்திருக்கிறார்கள். அங்கே கடை கிடைத்தால் அம்மா மழையில் குடைபிடித்து நிற்க வேண்டியதில்லை. சின்னம்மா மருதானைத் தையற்கடைக்கு 6.40 புகையிரதத்தில் போகிறார். தொலைவில் இருந்து பஸ்ஸில் போவதென்றால் மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏற வேண்டும். பிந்தினால் வேலை இல்லை.

6. சித்திரை முடிந்ததும் ஒழுங்கை இடிக்கப்படும் என்றும், கட்டடம் முடியும்வரை பட்டியலில் உள்ளவர்களுக்கே தற்காலிக அறை என்றும் அறிகிறோம். ஏழு வீடுகளில் வாடகைக்குக் கேட்டோம். மன்னார் அடையாள அட்டையைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். நான் சொன்ன ஒரு சொல்லால் மூன்று பேர் தெருவில் நிற்கப் போகிறார்கள்.

7. ஐவரின் பெயரும் உள்ள பொலிஸ் பதிவுப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். அலுவலரை இன்னொருமுறை அனுப்பி, எங்கள் கதவை 17அ, 17ஆ எனத் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எனக்கு ஆட்களுடன் கதைக்க வராது. ஆனாலும் இம்முறை கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வேன்.

8. சின்னம்மாவின் அடுப்பு அன்றுமுதல் சமையல் முடிந்ததும் கட்டிலின் கீழ் போய்விடும். இன்று காலை அதை வெளியே எடுத்து, வாசலில் நிற்பவருக்குத் தெரியும்படி எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இடம்: வெள்ளவத்தை
திகதி: 12.03.1998

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
ச. பேர்ணடெற்