இன்னும் இரண்டடி உள்ளே

சிவமயம்

ஏரல்,
17.3.1996

செல்வி சுகிர்தா டீச்சர் அவர்களுக்கு பாலம்மாள் எழுதுவது.

உங்கள் நலத்தையும் உங்கள் தாயார் நலத்தையும் கேட்டுத்தான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். உங்களை வேலையிலிருந்து நீக்கிய முப்பத்தோராம் நாள் நானே நலம் விசாரிப்பது எப்படி இருக்கும் என்று படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆகவே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கடைசி வரை படியுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் படியுங்கள்.

நீங்கள் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் சாத்தான்குளத்துப் பள்ளியிலிருந்து சென்ற திங்கட்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. உங்கள் கவனக்குறைவால் ஒரு மாணவி ஆற்றில் மூழ்கப் பார்த்தாள் என்று கேள்விப்படுகிறோம், அது உண்மையா, உங்களை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நான் இரண்டு வரியில் பதில் சொல்லி, எழுத்தர் பிச்சைக்கண்ணுவைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். உண்மை, எடுப்பதும் எடுக்காததும் தங்கள் பொறுப்பு. அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த ஜில்லாவில் எந்தப் பள்ளியும் உங்களை உள்ளே விட்டிருக்காது. அது தெரிந்தேதான் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை கையெழுத்துக்காக அந்தத் தாள் என் மேசையில் இருந்தது. பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆற்றில் மூழ்கிப் பிழைத்த அந்த ஆறாம் வகுப்பு ப்ரீத்தி, வரிசையிலிருந்து விலகி என் அறைக்கு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கரஸ்பாண்டன்ட் அம்மா, நான் யார்ட்டயும் சொல்லலை, எங்க அம்மாட்ட கூடச் சொல்லலை என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். நான் அவளைப் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றாள், சுகிர்தா டீச்சர். வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு வந்து காட்டுகிற பிள்ளையின் முகம்.

அவள் சொல்லாமல் வைத்திருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாது. அன்று நீங்கள் ஆற்றங்கரையில் இல்லை. இல்லாதபடி செய்தவளும் நான்தான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, என் மாமனார் பள்ளியைத் தொடங்கிய நாள். வருஷா வருஷம் பிள்ளைகள் ஆற்றிலிருந்து பித்தளைக் குடங்களில் தண்ணீர் எடுத்துவந்து பள்ளிப் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்வது வழக்கம். முதல்நாள் நீங்கள் என்னிடம் வந்து, மணல் அள்ளிய குழிகள் ஆற்றில் நிறைய இருக்கின்றன, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரைக் கயிறும் மிதவைக்குக் காலிக் கேனும் கொடுத்துக் கரையில் நிறுத்துகிறேன், நானும் நிற்கிறேன் என்றீர்கள். சாமி காரியத்துக்குப் போகையில் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல பதிலாகத்தான் பட்டது. உங்களைப் பள்ளியிலேயே இருந்து பந்தலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

கரையில் நான்தான் ஒவ்வொரு குடத்தையும் பார்த்து அனுப்பினேன். ப்ரீத்தி கொண்டுவந்த சின்னக் குடத்தில் மண் கலங்கியிருந்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். இரண்டாம் முறையும் கலங்கல். கரையோரத்தில் அத்தனை பிள்ளைகள் மிதித்தால் கலங்காமல் என்ன செய்யும்? எனக்கு அது தோன்றவில்லை. எந்த வேலையும் அரைகுறையாக இருந்தால் எனக்குப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இன்னும் இரண்டடி உள்ளே போய் எடு என்று சொன்னேன். அவள் தயங்கினாள். போ என்றேன். போனாள். இரண்டாவது அடியில் குழி.

குடம் மட்டும் மேலே வந்தது. பிறகு ஒரு கை. நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தது பத்தாம் வகுப்புச் சித்ரலேகா. அவளுடைய கை தோளில் தாவணி ஊக்குக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

ஏன் பார்த்தாள் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூழ்குகிறவரைக் காப்பாற்ற ஆற்றங்கரையில் நீங்கள் சொல்லித்தந்த சனிக்கிழமை வகுப்பை ஜூலை மாதம் நான் வந்து பார்த்த அன்று, பிள்ளைகள் தாவணியைக் கழற்றி இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டு வீசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஐந்து வரை எண்ணுவீர்கள். அதற்குள் ஊக்கு கழன்று முடிச்சு விழ வேண்டும். பாலத்தின் மேலே நின்ற விடலைகளில் ஒருவன், ஏலே, வலை பத்தலைன்னு தாவணிய வீசுதாளுவ, எந்த மீனுக்குலே என்று கத்தினான். நான் அந்தப் பையனைக் கண்டித்திருக்க வேண்டும். உங்களைக் கண்டித்தேன். பள்ளி மாணவி எந்தக் காரணத்துக்காகவும் பொது இடத்தில் தாவணியைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு எழுதி, ஒரு வாரம் பிரார்த்தனையில் வாசிக்க வைத்தேன். ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்பதை நானே கையால் சேர்த்தேன்.

சித்ரலேகா பார்த்தபோது நான் தலையை அசைத்திருந்தால் போதும். நான் அசைக்கவில்லை. கரையில் ஆண்கள் இருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நினைவு வந்தது. ஓடிப்போய் ஆள் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். அக்கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த மீரா முகைதீன் காதில் விழுந்து அவர் நீந்தத் தொடங்கினார். ஆனால் அவர் வந்து சேர வெகுநேரம் ஆகியிருக்கும். அதற்குள் சித்ரலேகா என் முகத்தை விட்டுவிட்டாள். ஏட்டி, நீயும் கழத்து என்று பக்கத்தில் நின்ற ஜயலக்ஷ்மியை ஒரு அதட்டு அதட்டினாள். இரண்டு தாவணிக்கும் முடிச்சு விழுந்தது. அவள் மணலில் குப்புறப் படுக்க, மற்றவர்கள் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தியும் தண்ணீரில் இறங்கவில்லை. இறங்காதே, எறி என்று நீங்கள் வாரா வாரம் சொன்னது அப்படியே நடந்தது. இரண்டாவது வீச்சில் ப்ரீத்தியின் கை துணியில் சுற்றிக்கொண்டது.

கரைக்கு வந்தபோது பிள்ளைக்கு மூச்சில்லை. தவில்காரர் ஓடிவந்து, தலைகீழாகத் தூக்கிச் சுற்றினால் தண்ணீர் வந்துவிடும் என்று காலைப் பிடித்தார். சித்ரலேகா அவர் கையைத் தட்டிவிட்டாள். தொடாதீங்க மாமா, அங்கன தள்ளி நில்லுங்க என்றாள். பிள்ளையை மல்லாத்தி, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினாள். ஆறோ ஏழோ தடவை. நான் குடங்களின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ப்ரீத்தி வாந்தி எடுத்து அழுதாள்.

இத்தனையும் நடந்த பிறகு நான் செய்ததுதான் உங்களுக்குத் தெரிந்த பகுதி. அதிலும் சில தெரியாது. விழாவுக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டத்துக்கு முன்னால் செயலாளர் ஆவுடைநாயகம் என்னிடம் வந்தான். என் தங்கை மகன், என் கையில் வளர்ந்தவன். பெரியம்மா, பெத்தவங்க கொதிச்சுப்போய் இருக்காங்க, யாராவது ஒருத்தர் பேரைச் சொன்னாத்தான் அடங்கும் என்றான். யார் பெயர் என்று அவன் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். ஆற்று வகுப்பு நடத்தி நடத்திப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பயமே விட்டுப்போயிற்று, அதனால்தான் சின்னப் பிள்ளையும் துணிந்து உள்ளே போனது என்று கூட்டத்தில் பேசினேன். ப்ரீத்தியைக் கூப்பிட்டு யார் போகச் சொன்னது என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நானாத்தான் போனேன் என்றது. பதினோரு வயது. நான் மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சித்ரலேகாவிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினேன். பொது இடத்தில் தாவணியைக் கழற்றியது தவறு, இனிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து கோணலாக இருக்கிறது, திருத்தமாக எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாவது பிரதி என் அறைக் கோப்பில் இருந்தது.

நான் பாளையங்கோட்டைக் கான்வென்டில் படித்தவள் என்பதை எத்தனை தடவை உங்கள் எல்லோருக்கும் சொல்லியிருப்பேன். அங்கே பொய் சொன்ன பிள்ளை வகுப்பின் முன்னால் நின்று, என்ன பொய், யாருக்கு அதனால் கெடுதல் என்று தானே சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கும் அந்த வழக்கத்தை நான்தான் கொண்டுவந்தேன். முப்பது வருஷமாக எத்தனையோ பிள்ளைகளை அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ப்ரீத்தியிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். நீ சொல்லலாம், உன் அம்மாவிடம் இன்றைக்கே சொல், உன்னைப் போகச் சொன்னது நான், உன்மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அப்ப நான் இவ்வளவு நாள் சொல்லாம இருந்தது வீணா என்று கேட்டாள்.

மாலையில் சித்ரலேகா வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா ஐயம்பெருமாள் அண்ணாச்சி கடையை விட்டு எழுந்து வந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிள்ளை செஞ்சது சரியா தப்பான்னு எனக்குப் பிடிபடலைம்மா, கடைக்கு வாரவன் எல்லாம் ஒரு மாதிரி சிரிக்கான், அப்புறம் நீங்களே எழுதி வாங்கிட்டீங்கன்னு சொன்னா, அப்ப தப்புத்தான்னு நெனச்சு ரெண்டு அடி போட்டுட்டேன் என்றார். சொல்லும்போது அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நான் என் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவள் எழுதியது அத்தனையும் தவறு, எழுத வைத்தவள் நான் என்றேன்.

சித்ரலேகா என்னோடு பேசவில்லை. புறப்படும்போது மட்டும், மொத வீச்சு தப்பிட்டு, முடிச்சைத் தளர விட்டுட்டேன், அதை டீச்சர்ட்ட சொல்லணும், எங்க இருக்காங்க என்று கேட்டாள். உங்கள் குலசேகரன்பட்டினம் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். எழுதுவாள். அவளுக்கு ஏப்ரலில் பரீட்சை. ஒரு வரியாவது பதில் போடுங்கள்.

சாத்தான்குளத்துக்குப் புதிதாகப் பதில் எழுதி, என் கையெழுத்திலேயே வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நடந்ததை உள்ளபடி எழுதினேன். உங்களைப் போன்ற ஆசிரியை கிடைத்தால் விடாதீர்கள் என்றும் எழுதினேன். கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒன்று. வருகிற ஞாயிறு 24ஆம் தேதி பெற்றோர் கூட்டம். அங்கே எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஆவுடைநாயகத்துக்குத் தெரிந்ததும், வயசான காலத்துல ஏன் பெரியம்மா இந்த வேலை, காகிதத்துல எழுதினதோட விட்டுருங்க என்றான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. நான் சொன்னேன் என்பது, சொல்ல நேர்ந்தது என்று ஆகிவிடுகிறது. எழுபத்தோரு வயது வரைக்கும் யார் முன்னாலும் தலை குனிந்து பழக்கமில்லாத வாய் இது. இதை நான் நம்பவில்லை.

ஆகவேதான் இந்தக் கடிதம் இன்றைக்கே போகிறது. இதில் இருப்பது அத்தனையும் என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை நான் இதில் ஒரு வரியைக் குறைத்துச் சொன்னேன் என்று உங்கள் காதுக்கு வந்தால், இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். பத்திரிகைக்குக் கொடுத்தாலும் சரி.

கூட்டம் முடிந்ததும் தாளாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். ஜூலை உத்தரவை ரத்து செய்ததுதான் பள்ளி உத்தரவுகளில் நான் கடைசியாகப் போட்ட கையெழுத்து. வெள்ளிக்கிழமை பிரார்த்தனையில் அதை நானே வாசித்தேன். சில ஆசிரியைகள் தரையைப் பார்த்தார்கள்.

இனி நான் கேட்க வந்தது. ஜூனில் பாபநாசம் அணையைத் திறந்தால் ஆறு கரை தொட்டு ஓடும். குழி எது, தரை எது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. மணல் லாரிகள் நிற்கவில்லை, நேற்றும் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். அவர்கள் முறை வருவதற்குள் வகுப்பை நான் நிறுத்திவிட்டேன். ஒருத்திக்கும் கயிறு வீசத் தெரியாது.

சாத்தான்குளத்தில் கூப்பிட்டால் போங்கள். அதைத் தடுக்க இதை எழுதவில்லை. உங்களால் முடிந்த சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் மட்டும் இந்தப் பிள்ளைகளுக்காக வாருங்கள். பள்ளிக்குள் வர வேண்டாம். என்னைப் பார்க்க வேண்டாம். எனக்குப் பதிலும் எழுத வேண்டாம். 30ஆம் தேதி சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு வரும்படி ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் வருவாங்களா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். வராவிட்டாலும் அடுத்த சனிக்கிழமையும் வந்து நிற்போம் என்று அவர்களே சொன்னார்கள்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். உங்கள் சொல் கேட்டு வளருகிற பிள்ளைகள் பெருக வேண்டும். இதைச் சொல்ல நான் யார் என்று உங்களுக்குத் தோன்றினால், அதுவும் நியாயமே. ஆனாலும் தினமும் விளக்கேற்றும்போது இதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பாலம்மாள்